புதுச்சேரியிலிருந்து வேப்பேரிக்குப் போன அச்சுப்பொறி

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நூற்பட்டியலையே வரலாறாகத் தந்துவிடுகிறார்கள். முதல் நூல் எது, முதல் இலக்கணம் எது, முதல் அகராதி எது என்று அந்தப் பட்டியல் நீளும். அவை வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நூல்களின் பக்கங்களில் மை தோய்ந்து பதிந்த எழுத்தை யார் வெட்டினார், எங்கே வார்த்தார், அது எந்தக் கப்பலில் வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்னும் கேள்விகள் அடிக்குறிப்பிலேகூட இடம்பெறுவதில்லை. தொல்காப்பியர் காலத்திலிருந்து மாறாமல் வந்ததாக நாம் நம்பும் எழுத்து வடிவங்கள் பலவும், ஈயத்தில் வார்க்கப்பட்ட காலத்தில்தான் இன்றைய நிலைக்கு வந்தன என்பதைத் தமிழ் இலக்கிய மாணவர்களே அறியாமல் பட்டம் பெற்றுப் போகிறார்கள். எழுத்தின் வழியாக அச்சு வரலாற்றைப் பார்த்தால் வேறொரு நிலப்படம் கிடைக்கும். அந்தப் படத்தில் நான் வசிக்கும் உழவர்கரைக்கும் ஓர் ஓரத்தில் இடமுண்டு.

1760ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். நகரைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர் வளர்த்திருந்த முள்வேலி எல்லையை உடைத்து முன்னேறிய படை, மேற்கே உழவர்கரைப் பகுதியில் முகாமிட்டது. பிரெஞ்சு ஆவணங்களில் 'உல்கரே' என்று வழங்கும் இவ்வூர் அன்று வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமம். உள்ளே உணவு தீர்ந்துபோக, நகரிலிருந்த உள்ளூர் மக்களைத் தளபதி லாலி வெளியே அனுப்பினார். வெளியே நின்ற படையோ அவர்களைப் போகவிடவில்லை. இரு அணிகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினியில் அலைந்த செய்தி போர் வரலாறுகளில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. 1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் சரணடைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கடலூரின் புனித டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பழியாக, புதுச்சேரியின் கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான்.

கொள்ளைப் பொருள்களுள் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. ஆளுநர் மாளிகையில் கிடைத்த அந்தப் பொறியைப் படைத்தலைவர் எயர் கூட் சென்னைக்குக் கொண்டுசென்றார். அத்தோடு அதை இயக்கிவந்த அச்சர் சார்லஸ் டெலோனும் கொண்டுசெல்லப்பட்டார். பொறியையும் அதை அறிந்த மனிதனையும் ஒரே கணக்கில் சேர்த்த இந்தச் செயல் என்னை எப்போதும் உறுத்துவது. ஆயினும் கூட் செய்ததில் ஒரு தொழிலறிவு இருக்கிறது. ஆளில்லாத அச்சுப்பொறி மரச்சட்டமும் திருகுமன்றி வேறில்லை.

சென்னைக் கோட்டையிலோ அச்சுத்தொழில் நடத்தத் தெரிந்தவர் எவருமில்லை. எனவே வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் ஃபப்ரீசியுஸிடம் பொறி ஒப்படைக்கப்பட்டது. அரசின் வேலை வந்தால் அதற்கே முதலிடம் என்பது நிபந்தனை. இப்படித்தான் பிரெஞ்சு ஆளுநர் வீட்டுப் பொறி, ஆங்கிலக் கம்பெனியின் சொத்தாகி, லுத்தரன் சபையின் தமிழ் நூல்களை அச்சிடத் தொடங்கியது. சில ஆண்டுகளில், 1766 வாக்கில், வேப்பேரி மிஷன் தனக்கென்று வேறு பொறி தேடிக்கொண்டது. புதுச்சேரிப் பொறி கோட்டைக்குத் திரும்பி அரசு அச்சகத்தின் தொடக்கமாயிற்று. வேப்பேரி அச்சகம் பின்னாளில் டயோசிசன் பிரஸ் என்றும் சி.எல்.எஸ். பிரஸ் என்றும் பெயர் மாறி நெடுங்காலம் நிலைத்தது. ஆக, சென்னையின் இரண்டு பெரிய அச்சு மரபுகளுக்கும் முதல் பொறி எங்கள் ஊரிலிருந்து பறித்துச் சென்றது. சென்னை அச்சுப் பண்பாட்டைப் பெருமையோடு பேசும் நண்பர்கள் இதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபப்ரீசியுஸ் 1779இல் வேப்பேரியில் அச்சிட்டு வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி, பின்வந்த பல அகராதிகளுக்கு அடிமனை. தரங்கம்பாடி அகராதி என்று நாம் இன்றும் புரட்டும் நூல், 1897இல் அதை விரித்துச் செய்ததுதான். இத்தனை உழைத்தவர் முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார் என்பது வேறு கதை.

பொறி புதுச்சேரியினுடையது, எழுத்து? அதற்குத் தரங்கம்பாடிக்குப் போகவேண்டும். அதற்கும் முன்னால் கொஞ்சம் பின்னோக்கி.

தமிழ் மொழியில் அச்சான முதல் நூலில் தமிழ் எழுத்தே இல்லை. 1554இல் லிஸ்பன் நகரில் வெளிவந்த அந்த வினாவிடை நூல், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தந்தது. தமிழ் எழுத்தில் அச்சானது 1578 அக்டோபரில் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அண்ட்ரிக் அடிகளார் மொழிபெயர்த்த பதினாறு பக்கச் சிறுநூல். கோவாவிலும் கொல்லத்திலுமாக வார்த்த எழுத்துகள் அதில் பயன்பட்டன. அடுத்த ஆண்டே கொச்சியில் ஒரு நூல். 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு'. அந்த எழுத்துகளைப் படங்களில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று உடனே புலப்படும்: அவை ஓலைச்சுவடியின் எழுத்துகள். புள்ளி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி ஒழுங்காக இல்லை. ஏகாரமும் எகரமும் வேறுபடவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். எழுத்தாணிக்கு ஏற்ற வடிவத்தை அப்படியே ஈயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் விட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். ஈயத்துக்கு அந்த அச்சம் இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

போர்த்துக்கீசியரின் முயற்சி பதினேழாம் நூற்றாண்டில் தேய்ந்து ஓய்ந்தது. மீண்டும் தமிழ் எழுத்து வார்க்கப்பட்டது ஜெர்மனியின் ஹாலே நகரில். தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதி அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, தமிழ் ஒரு சொல்லும் அறியாத கைவினைஞர்கள் வெட்டிய எழுத்து அது. இதற்கிடையில் இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவுப் பரப்புக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறியோடு 1711இல் புறப்பட்ட கப்பல், பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. உடன்வந்த அச்சர் நன்னம்பிக்கை முனையருகே இறந்துபோனார். பொறி மட்டும் மீண்டு 1712இல் தரங்கம்பாடி சேர்ந்தது. டேனியக் கம்பெனியின் சிப்பாய்களுள் அச்சுவேலை தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். ஒரு பொறி பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கித் தப்பியது. ஐம்பது ஆண்டு கழித்து இன்னொன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து பறிபோனது. தமிழச்சின் தொடக்க காலம் ஐரோப்பியக் கடற்போர்களின் ஓரத்தில் நடந்திருக்கிறது.

ஹாலே எழுத்து வந்து சேர்ந்தபோது வேறொரு சிக்கல். எழுத்து மிகப் பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் நூல் பெருகும், தாள் போதாது. தாளோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய பொருள். எனவே ஹாலேயிலிருந்து வந்திருந்த எழுத்து வார்ப்பாளர் ஆட்லர், பொறையாற்றில் பட்டறை அமைத்துச் சிறிய எழுத்து வெட்டினார். ஈயம் கிடைக்காமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உலோகத் தகட்டை உருக்கினார்கள் என்பது அச்சு வரலாற்றில் பலரும் விரும்பிச் சொல்லும் செய்தி. நான் அதில் வியப்பதைவிட, எழுத்தின் அளவைத் தீர்மானித்தது தாளின் விலை என்பதைத்தான் வியக்கிறேன். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. அதே காலத்தில் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் எழுந்தது. அழகுணர்ச்சியோ மரபுப் பற்றோ அன்று, சிக்கனம்தான் தமிழ் எழுத்தை ஓலையின் பெருவடிவத்திலிருந்து சுருக்கிப் புத்தகப் பக்கத்துக்குள் அடக்கியது.

இங்கே எழுத்து வார்க்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் பின்னால் வருவது விளங்காது. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைச் செம்புக் கட்டையில் அடித்தால் எழுத்து பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளத்தை அச்சுப்பெட்டியின் அடியில் வைத்து, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பை ஊற்றினால் ஓர் அச்செழுத்து. ஒரு செம்புக் கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். ஆனால் செதுக்குவது ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒருமுறை, கையால், பூதக்கண்ணாடி வைத்து. ஆகவே மொழிக்கு எத்தனை வடிவம் வேண்டும் என்பதே செலவையும் காலத்தையும் தீர்மானிக்கும்.

தமிழுக்கு எத்தனை? இருநூற்று நாற்பத்தேழு என்பார்கள் இலக்கணம் படித்தவர்கள். அச்சுக்கோப்பவரின் கணக்கு வேறு. ஒள-வுக்கு ஒகரமும் ளகரமும் சேர்ந்தால் போதும் என்பதால் உயிர் பதினொன்று, ஆய்தம் ஒன்று. அகரமேறிய உயிர்மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் எழுத்தோடு குறி ஒட்டிப்போவதால் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு, அது 72. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகிய நான்கு. இதுவரை 124. பழைய முறையில் ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நான்கும் தனி வடிவம் உடையவை. ஆக 131. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தால் 150ஐத் தாண்டும். அதன்மேல் எண்களும் நிறுத்தக்குறிகளும். ஆங்கில அச்சர் இருபத்தாறு எழுத்தைப் பெரிதும் சிறிதுமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். தமிழ் அச்சர் அதைப்போல மும்மடங்கு அறைகளைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கவேண்டும். எங்கள் வகுப்பில் உயிர்மெய் வரிசைகளைச் சொல்லச் சொன்னால் தடுமாறும் மாணவர்களைப் பார்க்கும்போது, எட்டாம் வகுப்பு தாண்டாத கம்பாசிட்டர்கள் அவற்றை விரல்நுனியில் வைத்திருந்தார்கள் என்று சொல்லத் தோன்றும்.

ஒவ்வொரு வடிவமும் தனியே வெட்டப்படவேண்டும் என்ற நிலையில்தான் வரிவடிவத் தெளிவு பற்றிய கேள்வி உயிர்பெற்றது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு வழிசெய்தவர் வீரமாமுனிவர் என்பது நாம் பாடப்புத்தகத்தில் படித்தது. முன்பு குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குப் புள்ளியின்மை என்பது இலக்கண விதி. எழுதுகிறவர் புள்ளியையே விட்டுவிட்டதால் விதி செத்துப்போயிருந்தது. முனிவர் நெடிலுக்குத் தனிக் குறி தந்தார்: ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு, உயிர்மெய்க்குச் சுழித்த கொம்பு. ஆனால் இது ஒரே நாளில் நடந்துவிட்டதாக எண்ணக்கூடாது. முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தில்தான் அச்சாயிற்று. அவரைக் கடுமையாக எதிர்த்தவர்கள் அவர்கள். அவரும் அவர்களை விட்டுவைக்கவில்லை. இருந்தும் எதிரியின் இலக்கணம் தேவைப்பட்டது. குறியைப் பரிந்துரைப்பது ஒன்று, அதைச் சுமந்த எழுத்தை எஃகில் வெட்டிப் பதினெட்டு மெய்க்கும் உடன்வைக்கக் கொம்பாக வார்ப்பது இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூல்கள் வரையிலும் பழைய ஒற்றைக்கொம்பும் புதிய இரட்டைக்கொம்பும் கலந்தே வருகின்றன. புலவர் சொன்னார், பட்டறை முடித்தது. இந்த இரண்டாமவருக்கு நம் இலக்கிய வரலாறுகளில் பெயரில்லை.

ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு நிலைத்ததும் அச்சில்தான். சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பது தெரியும். 'காரா'வா 'கரர'வா என்று பொருளை வைத்து ஊகிக்கவேண்டிய இடங்கள் ஏட்டில் ஏராளம். உ.வே.சா. போன்றவர்கள் பட்ட பாட்டின் ஒரு பகுதி, எழுத்து வடிவம் தீராத ஒரு மரபிலிருந்து தீர்ந்த ஒரு மரபுக்கு நூலை மாற்றும் பாடு.

இனிப் புதுச்சேரிக்குத் திரும்பலாம். 1765இல் பிரெஞ்சுக்காரர் இடிபாடுகளுக்குத் திரும்பினார்கள். பின்னும் இருமுறை நகரம் கைமாறி, 1816க்குப் பிறகே அமைதி நிலைத்தது. தமிழச்சு இங்கே தழைத்தது 1840களில், கத்தோலிக்க மிஷன் அச்சகத்தால். அதன் உழைப்பு மலைக்கவைப்பது. 1846இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி. 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக முசே, துப்புயி ஆகிய இருவரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி. இடையில் 1850களின் தொடக்கத்தில் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' பாகம் பாகமாக. முனிவர் மறைந்து நூறாண்டு கழித்து அவர் காப்பியம் அச்சேறியது, ஒருகாலத்தில் அச்சுப்பொறியே பறிபோன ஊரில். 1846 அகராதியின் தலைப்புப் பக்கம் ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் 'இரு மறைப்பணியாளர்கள்' என்று மட்டும் சொல்லும். துறவியின் அடக்கம் என்று அதைப் போற்றலாம். அதே பக்கத்தில் அச்சுக்கோத்தவர்களின் பெயரும் இல்லை. அதற்கு அடக்கம் காரணமில்லை.

அகராதி அச்சுக்கோப்பது எத்தகைய வேலை என்பதை எண்ணிப்பாருங்கள். ஒரே வரியில் தமிழ்த் தலைச்சொல், பிரெஞ்சு விளக்கம், சாய்ந்த எழுத்தில் இலக்கணக் குறிப்பு, மீண்டும் தமிழ் எடுத்துக்காட்டு. தமிழ் எழுத்தின் உயரமும் ரோமன் எழுத்தின் உயரமும் ஒத்துவராது. தமிழுக்கு மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே மூ, ழு போன்றவற்றின் வாலும் வேண்டும். ஆகவே ஒரே அளவுக் கட்டையில் தமிழ் எழுத்தின் உடல் சிறுத்துப்போகும். இரண்டையும் ஒரு வரியில் உட்காரவைக்க ஈயத் தகடு நுழைத்துச் சமன்செய்யவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான பதிவுகள். சென்னையில் இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் ஹண்ட். சிறிய, நெருக்கமான, கண்ணுக்கு உறுத்தாத தமிழ் எழுத்துகளை அவர் உருவாக்கச் செய்தார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைத் திறந்தால் அந்த எழுத்தின் நேர்த்தி தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய தமிழ்ப் புத்தக எழுத்தின் முகம் பெருமளவுக்கு அந்தப் பட்டறைக்குக் கடன்பட்டது. என் தனிப்பட்ட மதிப்பீடு: கணினிக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றைவிட வின்சுலோ அகராதியின் எழுத்து படிக்க எளியது. அளவில் சிறிதாயினும் எழுத்தின் உள்வெளி அடைபடுவதில்லை.

அச்சு வசதி இருந்தும் அச்சேறாமல் கிடந்ததையும் சொல்லவேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, 1736 முதல் கால் நூற்றாண்டு புதுச்சேரியின் அன்றாடத்தைப் பதிந்த பேராவணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் சென்னை அரசு வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்தான். தமிழில் எழுதிய நூலைத் தமிழன் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த நாற்பதாண்டு! எழுத்துகள் ஊரில் இருந்தன, பொறிகள் இருந்தன. எது அச்சாகவேண்டும் என்று தீர்மானிக்கும் கை மட்டும் வேறிடத்தில் இருந்தது.

1908இல் அந்த எல்லைக்கோடு ஒருமுறை தமிழுக்கு உதவியாக மாறியது. சென்னையில் 'இந்தியா' வார இதழின் மீது அரசு பாய்ந்தபின் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அக்டோபரில் இதழ் இங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. 1761இல் அச்சு இங்கிருந்து சென்னைக்குப் போனதென்றால், இப்போது சென்னையிலிருந்து அச்சு இங்கே தஞ்சம் புகுந்தது. ஆனால் அச்சிட உரிமை இருந்தால் போதாது, வாசகர் கைக்கு இதழ் போய்ச்சேரவேண்டும். பிரிட்டிஷ் எல்லைக்குள் இதழ் நுழையத் தடை வந்தது; 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. ஈயத்தைப் பறிமுதல் செய்யவில்லை, தபாலை நிறுத்தினார்கள். பாரதியின் இங்கத்திய இதழ் வாழ்க்கையோடு தொடர்புடைய சைகோன் சின்னையா போன்ற உள்ளூர் அச்சகக்காரர்களைப் பற்றி ஒரு தனிநூல் எழுதலாம். பாரதி ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வந்தும் அவர் எழுத்தைக் கோத்த கைகளைப் பற்றி நாம் எழுதவில்லை. 1945இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரம அச்சகம் வேறொரு தரத்தைக் காட்டியது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். தமிழக அரசு 1978 அக்டோபரில் அதன் பெரும்பகுதியை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், துதிக்கை வளைந்த ணை, லை, ளை, னை என்று பதின்மூன்று வடிவங்கள் மாறின. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இது பதின்மூன்று அறையன்று, ஏழு அறைதான். ணொ, ணோ போன்றவை ணா என்ற வார்ப்போடு கொம்பைச் சேர்த்தே அமைந்தவை. 150க்கு மேற்பட்ட அறைகளில் ஏழு குறைந்தது பெரும் சிக்கனமென்று சொல்லமுடியாது. கற்பதற்கு எளிமை என்ற வாதத்தை ஏற்கிறேன். அச்சுக்கு எளிமை என்று மேடைகளில் பெருக்கிச் சொல்லப்பட்டதைக் கணக்கு தாங்கவில்லை. உண்மையில் அச்சுக்கோப்பின் சுமையாயிருந்தவை உகர ஊகார வரிசைகள். அவற்றைத் தொடுகிற துணிவு யாருக்கும் வரவில்லை. வராததே நல்லது என்று நினைப்பவன் நான்.

பின்னர் வந்தவை விரைவாக வந்தன. 1980களின் இறுதியிலிருந்து கணினி அச்சுக்கோப்பும் ஆஃப்செட் முறையும் பரவ, கால்மிதி டிரெடில் பொறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ரெட்டியார்பாளையத்திலும் மூலக்குளத்திலும் கலியாணப் பத்திரிகையும் கோயில் துண்டறிக்கையும் அடித்துத் தந்த சிற்றச்சகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவற்றில் ஒன்று மூடப்பட்டபோது அங்கிருந்தேன். மூன்று அளவு எழுத்துகளைச் சாக்கில் கொட்டித் தராசில் நிறுத்துப் பழைய ஈய விலைக்குக் கொடுத்தார்கள். உரிமையாளரைக் குறைசொல்ல இயலாது. அவருக்குப் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் இருந்தது. கேட்டால் ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்தது துதிக்கை 'லை' எழுத்துகளாகப் பார்த்து. அவற்றைத்தான் 1978க்குப் பிறகு யாரும் தொடாமல், அறையில் புதிதுபோல் மினுக்கத்தோடு கிடந்தன.

இது பழம்பொருள் ஏக்கம் என்று நண்பர்கள் சிலர் சொல்லக்கூடும். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. உழவர்கரையின் பழைய கிறித்தவக் குடும்பங்களிலும் பிற வீடுகளிலும் முதற்பக்கம் கிழிந்த செபநூல்களும் அம்மானைகளும் பஞ்சாங்கங்களும் இன்னும் பரணில் கிடக்கின்றன. ஆண்டு தெரியாது, அச்சகம் தெரியாது. அவற்றின் காலத்தையும் இடத்தையும் சொல்லக்கூடிய சான்று அந்தப் பக்கத்தின் எழுத்துதான்: கொம்பு ஒற்றையா இரட்டையா, புள்ளி உண்டா, ரகரத்துக்குக் கால் சாய்ந்திருக்கிறதா, எந்தப் பட்டறையின் முகம், தேய்ந்த எழுத்து எது, உடைந்த எழுத்து எது. ஐரோப்பிய நூலியலாளர்கள் இதை ஒரு துறையாகவே வளர்த்துப் பெயரில்லா நூல்களின் அச்சகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மிடம் அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அச்சக வாரியான எழுத்து மாதிரித் தொகுப்பு வேண்டும்.

எண்மத் தொகுப்புகள் இதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒருங்குறி முறை எழுத்தைத்தான் குறியேற்றுகிறது, அதன் வடிவத்தை அன்று. பழைய துதிக்கை 'லை'க்கும் புதிய 'லை'க்கும் ஒரே குறியீடு. எந்த வடிவம் தெரியவேண்டும் என்பது எழுத்துருவின் பாடு. முறைப்படி அது சரியானதே. ஆனால் 1862ஆம் ஆண்டு நூல் ஒன்றைத் தட்டச்சிட்டு ஏற்றிய அந்தக் கணத்தில், அதன் எழுத்து வரலாறு சுவடில்லாமல் அழிந்துபோகிறது. ஒற்றைக்கொம்பால் நின்ற ஏகாரங்களை இரட்டைக்கொம்பாகப் பதிப்பாளர் மாற்றிவிடுகிறார், மாற்றியதாகக் குறிப்பும் எழுதுவதில்லை. பிறகு ஒரு மாணவர் வந்து, 1862இலேயே இப்படி எழுதினார்கள் என்று ஆய்வேட்டில் சான்று காட்டுவார். அப்படி ஓர் ஆய்வேட்டை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆகவே பழைய நூல்களை மின்னேற்றம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டச்சுப் படியோடு பக்கப் படத்தையும் வையுங்கள். முன்னுரையில் நான்கு வரி ஒதுக்கி, மூலத்தில் புள்ளி எப்படி, கொம்பு எப்படி, ரகரம் எப்படி, தாளின் ஓரத்தில் அச்சகப் பெயர் என்ன என்பதை எழுதுங்கள். புதுச்சேரி மிஷன் அச்சக நூல் எவரிடமேனும் இருந்தால், ஒரு பக்கத்தின் படம் போதும். 1846, 1855, 1862 அகராதிகளின் எழுத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வேலையை எங்கள் கல்லூரி மாணவர் இருவர் தொடங்கியிருக்கிறார்கள். இப்போதைக்குக் ககர வரிசையும் தகர வரிசையும் முடிந்திருக்கின்றன.